திறமூல மென்பொருளும் பாயிர மரபும்

ஒரு நூல் எழுந்த பின்னர் அதனை உலகம் அறியுமாறு செய்தல் எங்ஙனம் என்பது, தமிழிலக்கண ஆசிரியர்கள் கூர்ந்து ஆராய்ந்த வினாக்களுள் ஒன்று. அதற்கு அவர்கள் கண்ட விடையே பாயிரம். ஆயிரம் கூறுகளாக விரிந்த நூலாயினும் பாயிரம் இல்லையேல் அது நூலாகாது என்பது நன்னூலார் துணிபு. மாநகருக்குக் கோபுரம் எப்படியோ, நூலுக்குப் பாயிரம் அப்படி என்றும் அவர் கருதினார். நகரின் உள்ளே எத்துணை வளம் இருப்பினும், சேய்மையில் வரும் வழிப்போக்கன் முதலில் காண்பது கோபுரத்தையே அன்றோ!

நம் காலத்தில் எழுந்துள்ள ஒருவகை ஆக்கம் இப்பாயிரச் சிக்கலைப் புதிய வடிவில் எதிர்கொண்டுள்ளது. அதுவே திறமூல மென்பொருள். பல நாட்டார் கூடி உழைத்து ஆக்கி, எவரும் எடுத்தாளுமாறு விட்டுவிடும் இம்மென்பொருள்களை விற்பதற்கு ஒரு வணிகர் இல்லை. ஆகவே விளம்பரம் செய்வாரும் பெரும்பாலும் இல்லை. அங்ஙனமாயின் அவை பொதுமக்களைச் சென்றடைந்தது எவ்வாறு? அவ்வாறு சென்றடைந்தபோது பெற்றது யாது, இழந்தது யாது? இவ்வினாக்களை ‘பயர்பாக்ஸ்’ என்னும் இணைய உலாவியின் வரலாற்றை முதன்மைச் சான்றாகக் கொண்டு, பாயிர இலக்கணத்தின் துணையோடு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பெயர் இரண்டு

கணினிக்கு இடும் ஏவல்களை மனிதர் படித்தறியத்தக்க மொழியில் எழுதிவைப்பது மூலநிரல் எனப்படும். அதனைக் கணினி மட்டுமே கொள்ளும் வடிவிற்கு மாற்றிய பிறகே பெரும்பாலும் விற்பனைக்கு அனுப்புவர். வாங்கியவர் அதனை இயக்கலாம்; உள்ளே நிகழ்வதை அறியவோ திருத்தவோ இயலாது. உரையாசிரியர் எவரும் தொடமுடியாதவாறு முத்திரையிட்ட ஏட்டுக்கட்டு ஒன்றை இதற்கு ஒப்பாகக் கூறலாம்.

இந்நிலையை மறுத்து, 1983-ஆம் ஆண்டில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்னும் அமெரிக்கர் ‘க்னூ’ என்ற திட்டத்தை அறிவித்தார். 1985-இல் அதற்கென ஓர் அறக்கட்டளையையும் நிறுவினார். மென்பொருளை எந்நோக்கத்திற்கும் இயக்குதல், அதன் உள்ளமைப்பை ஆராய்ந்து மாற்றுதல், படியெடுத்துப் பிறர்க்கு வழங்குதல், மாற்றிய வடிவையும் வழங்குதல் ஆகிய நான்கு உரிமைகளும் பயனர்க்கு உண்டு என்பது அவர்தம் கொள்கை. இக்கொள்கைக்கு அவர் சூட்டிய ஆங்கிலப் பெயரில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. ‘பிரீ’ என்னும் அச்சொல் ‘கட்டுப்பாடற்றது’ என்றும் பொருள்படும். ‘விலையற்றது’ என்றும் பொருள்படும். கேட்போர் பெரும்பாலோர் இரண்டாவது பொருளையே கொண்டனர். விலையின்றி வருவது தரமற்றது என்று வணிக உலகினர் ஐயுற்றனர்.

1998-ஆம் ஆண்டு சனவரியில் ‘நெட்ஸ்கேப்’ நிறுவனம் தன் உலாவியின் மூலநிரலை வெளியிடப் போவதாக அறிவித்தது. அதனையொட்டி, பிப்ரவரி 3-ஆம் நாள் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரில் சிலர் கூடி ஆராய்ந்தபோது, கிறிஸ்டின் பீட்டர்சன் என்னும் அம்மையார் ‘ஓப்பன் சோர்ஸ்’ என்ற புதுப்பெயரை முன்மொழிந்தார். மூலம் திறந்திருக்கிறது என்னும் செய்தியை மட்டும் அப்பெயர் உணர்த்தியது. விலையைப் பற்றியோ உரிமையைப் பற்றியோ அது பேசவில்லை. அதனாலேயே வணிகர்க்கு அச்சம் தராது விரைந்து பரவியது. அதனாலேயே ஸ்டால்மன் அதனை ஏற்க மறுத்தார். உரிமை என்னும் உயிர்க்கருத்தை மறைத்து, செய்முறைச் சிறப்பை மட்டும் பேசுவது அப்பெயர் என்பது அவர் வாதம்.

ஈண்டுத் தமிழ் மாணவர் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் ஒரு சொல் தாங்கிய இருபொருளும் தமிழில் வெவ்வேறு சொற்களாகப் பிரிந்தே நிற்கின்றன. விலையின்றி வருவதை ‘இலவசம்’ என்கிறோம். தளையின்றி இருப்பதைக் ‘கட்டற்றது’ என்கிறோம். ஆகவே ‘கட்டற்ற மென்பொருள்’ என்னும் தமிழாக்கம் மூலச் சொல்லினும் தெளிவுடையதாய் அமைந்துவிட்டது. ‘திறமூலம்’ என்னும் மற்றைப் பெயரும் நம்மிடம் வழங்குகிறது. ஆயினும் நடைமுறையில் பலரும் இவற்றை ‘இலவச மென்பொருள்’ என்றே அறிமுகம் செய்கின்றனர். மொழி கொடுத்த தெளிவைப் பேச்சு வழக்கு கைவிடுகின்றது எனலாம்.

2. பாயிரத்தின் உறுப்புகள்

சிறப்புப்பாயிரம் கூறவேண்டுவன எட்டு என வரையறுத்தனர் இலக்கண ஆசிரியர். நூலை ஆக்கியவன் யார், எந்நூலின் வழிவந்தது, எந்நிலத்தில் வழங்குவது, அதன் பெயர் யாது, எவ்வாறு யாக்கப்பட்டது, எப்பொருளை நுவல்வது, யாருக்காக எழுந்தது, அதனால் விளையும் பயன் என்ன என்பனவே அவை. காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் சேர்த்துப் பதினொன்று என்பாரும் உளர்.

இவற்றினும் நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது, பாயிரம் உரைத்தற்கு உரியார் யார் என்னும் வரையறை. நூலாசிரியனின் ஆசிரியன், அவனோடு உடன்கற்றவன், அவன் மாணாக்கன், நூலுக்குத் தக்க உரைகாரன் ஆகியோரே அதற்கு உரியர். எத்துணை அரிய நூலைச் செய்தானாயினும் ஆசிரியன் தன்னைத்தானே புகழ்தல் தகாது என்பது விதி. இவ்விதிக்கு நன்னூலார் விலக்குகளும் காட்டியுள்ளார். அரசவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றலை அறியாதாரிடையிலும், அவையில் வெல்லவேண்டிய பொழுதிலும், மாற்றான் தன்னைப் பழித்த காலத்தும் தன்னைப் புகழ்தல் புலவர்க்குத் தகும் என்கிறார்.

திறமூல மென்பொருளை ஆக்குவோரிடையே இம்மனநிலையை நாம் தெளிவாகக் காணலாம். நிரல் நன்றாயின் அதுவே தன்னைப் பரப்பிக்கொள்ளும் என்பதும், விளம்பரம் வணிகர் தொழில் என்பதும் அவர்களிற் பலருடைய எண்ணம். இவ்வெண்ணம் பெருமைக்குரியது, ஆனால் அதனால் நல்ல மென்பொருள் பல, ஆக்கியோர் வட்டத்திற்குள்ளேயே நின்றுவிடுகின்றன. ‘தன் ஆற்றல் அறியாதாரிடை’ என்னும் விலக்கு இவர்க்கே முற்றிலும் பொருந்துவதாம்.

3. பயர்பாக்ஸ்: வழியும் பெயரும்

பயர்பாக்ஸின் ‘வழி’ நெட்ஸ்கேப்பிலிருந்து தொடங்குகிறது. 1998 மார்ச்சு 31-ஆம் நாள் வெளியான நெட்ஸ்கேப் மூலநிரலைப் பேணுவதற்கு ‘மொசில்லா’ என்னும் குழு அமைந்தது. 2003 சூலையில் அது தனி அறக்கட்டளையாயிற்று. அக்காலத்தில் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் ‘இன்டர்நெட் எக்ஸ்புளோரர்’ உலாவி விண்டோஸ் இயங்குதளத்தோடு இணைந்தே வந்தமையால், பயனருள் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கும் மேற்பட்டோர் அதனையே பயன்படுத்தினர். அதன் ஆறாம் பதிப்பு 2001-இல் வந்தது. ஏழாம் பதிப்பு 2006-இல்தான் வந்தது. போட்டி இல்லாத இடத்தில் வளர்ச்சி தேங்கிற்று. ‘காரணம்’ என்னும் பாயிர உறுப்பு இதுவே.

மொசில்லாவின் முதல் ஆக்கம் உலாவி, அஞ்சல், பக்கம் எழுதும் கருவி முதலிய பலவற்றையும் ஒன்றாய்த் தொகுத்த பெரும்பொதி. அதிலிருந்து உலாவியை மட்டும் பிரித்து எளிமையாக்க முயன்றோர் பிளேக் ராஸ், டேவ் ஹையட் என்பார். இஃது ஒருவகையில் ‘தொகுத்தல்’ என்னும் யாப்பு. விரிந்த முதல்நூலைச் சுருக்கி வேண்டுவனவற்றை மட்டும் கொண்டு செய்யும் நூலைப் போன்றது.

அடுத்து, ‘நூற்பெயர்’. 2002-இல் ‘பீனிக்ஸ்’ என்று பெயரிட்டனர். அது பிறர் வணிகப்பெயரோடு மோதியது. 2003-இல் ‘பயர்பேர்டு’ என மாற்றினர். அப்பெயரில் முன்னரே ஒரு திறமூலத் தரவுத்தள மென்பொருள் இருந்தமையால் அதனைச் சார்ந்தோர் வருந்தி எதிர்த்தனர். 2004 பிப்ரவரியில் ‘பயர்பாக்ஸ்’ என்ற பெயர் நிலைபெற்றது. இமயமலைப் பகுதியில் வாழும் செம்பாண்டா என்னும் விலங்கிற்கு அப்பெயர் உண்டு. ஆயினும் உலகுருண்டையைச் சுற்றிக் கிடக்கும் நெருப்பு வண்ண நரியே அதன் சின்னமாய் வரையப்பட்டு மக்கள் மனத்தில் பதிந்தது. பெயரையும் சின்னத்தையும் ஆராய்ந்து தேர்ந்தமை, பெரும்பாலான திறமூலத் திட்டங்கள் செய்யாத ஒரு பணி என்பது நோக்கற்பாலது.

4. பாயிரம் உரைத்தோர்

2004 செப்டம்பரில் ‘ஸ்பிரெட் பயர்பாக்ஸ்’ என்னும் இயக்கம் தொடங்கியது. ‘பயர்பாக்ஸைப் பரப்புக’ என்பதே அப்பெயரின் பொருள். விளம்பர நிறுவனம் எதனையும் அமர்த்தாமல், பயன்படுத்துவோரையே பரப்புவோராக்குவது அதன் நெறி. ஒருவர் தம் தளத்தில் பயர்பாக்ஸின் சின்னத்தை இட்டு, அதன் வழியே பிறர் அங்குச் சென்றால், அவர் பெயருக்கு மதிப்பெண் சேரும். அவ்வியக்கம் தொடங்கியபோது முன்வெளியீட்டுப் பதிப்பைப் பத்து நாளில் பத்து இலக்கம் பேர் பதிவிறக்கவேண்டும் என இலக்கு வைத்தனர். நான்கு நாளுக்குச் சற்று மிகுதியான காலத்திலேயே அவ்விலக்கு நிறைவேறிற்று.

பின்னர் ‘களம்’ தேர்ந்தனர். புகழ்பெற்ற நாளிதழாகிய ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகையில் விளம்பரம் வெளியிடப் பயனர்களிடமே பொருள் வேண்டினர். பத்து நாள்களில் ஏறத்தாழ 10,000 பேர் பொருள் தந்தனர். 2004 நவம்பர் 9-ஆம் நாள் முதற்பதிப்பு வெளிவந்தது. டிசம்பர் 16-ஆம் நாள் இரு பக்க விளம்பரம் அவ்விதழில் இடம்பெற்றது. பொருள் தந்தோர் பெயர்கள் அனைத்தும் சிறு எழுத்தில் அடுக்கப்பெற்றுச் சின்னத்தின் உருவமாய்த் திரண்டு நின்றன.

இவ்விளம்பரத்தைப் பாயிர இலக்கணத்தோடு ஒப்பிட்டு நோக்குவாம். அதிற் பெயர் பெற்றோர் மிகப் பெரும்பாலோர் ஆக்கியோர் அல்லர், பயன்கொண்டோர். நூலைப் போற்றியவன் பெயரே நூலின் முகப்பில் நின்றது. ஆக்கியோன் தன்னைப் புகழாது, உடன்கற்றவனும் மாணாக்கனும் உரைத்த பாயிரம் அது. அதனாலேயே அதனை மக்கள் நம்பினர் என யாம் கருதுகின்றோம். விற்பவன் சொல்லினும் பயன்படுத்தியவன் சொல்லுக்கு எடை மிகுதி.

அதன் விளைவு பெரிதாய் இருந்தது. 2005 அக்டோபருக்குள் பதிவிறக்கங்கள் பத்துக் கோடியைத் தாண்டின. 2006 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்து மாணவர் சிலர், ஒரு புல்லரிசி வயலில் 220 அடி விட்டத்தில் அச்சின்னத்தைப் பயிரை மடித்தே வரைந்தனர். மூன்றாம் பதிப்பு வெளியான 2008 சூன் 17-ஆம் நாள் தொடங்கி 24 மணி நேரத்தில் 80,02,530 பதிவிறக்கங்கள் நிகழ்ந்து கின்னஸ் பதிவேட்டில் இடம்பெற்றன.

5. சொல்லியதும் சொல்லாததும்

கேட்போர் இயல்பறிந்து பயன் கூறுதல் பாயிரத்தின் கடமை. பயர்பாக்ஸைப் பரப்பியோர் பொதுமக்களிடம் மூலநிரலைப் பற்றிப் பேசவில்லை. வேண்டாத சாளரங்கள் தாமே திறப்பதைத் தடுக்கும் என்றனர்; ஒரே சாளரத்துள் பல பக்கங்களைத் தத்தல்களாக அடுக்கிக்கொள்ளலாம் என்றனர்; தீங்கு நிரல்களுக்கு எளிதில் இடங்கொடாது என்றனர். இவை மெய்யான பயன்கள். மக்கள் அன்றாடம் பட்ட துன்பத்திற்கு நேரான மருந்துகள். மூலநிரலைத் திறந்து படிக்கும் உரிமை, அதனைப் படிக்கத் தெரியாதவர்க்குப் பயனாகத் தோன்றாது. ஆகவே அவர்கள் செய்தது நெறிப்பட்டதே.

எனினும் ‘பயன்’ உரைத்த அப்பாயிரம் ‘காரணம்’ உரைப்பதில் சுருங்கிற்று. ஓர் உலாவி தனியொரு நிறுவனத்தின் கையில் அகப்பட்டால் இணையமே அக்கைப்படும் என்பதும், அதனைத் தடுப்பதற்கே பலர் உழைத்தனர் என்பதும் பொதுமக்களுள் மிகச் சிலருக்கே சென்றன. 2008 செப்டம்பரில் கூகுள் நிறுவனம் ‘குரோம்’ உலாவியை வெளியிட்டது. அதன் பெரும்பகுதியும் திறமூலத்தால் ஆயதே. ஆயின் அதனைப் பரப்பியது பெருஞ்செல்வமும் பெருந்தளமும் உடைய ஒரு நிறுவனம். 2009 இறுதியில், சில கணக்கீடுகளின்படி, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரிடம் இருந்த பயர்பாக்ஸ், பின்னர்ப் படிப்படியாகச் சுருங்கி இன்று சிறுபங்கினரிடமே உள்ளது. இச்சுருக்கத்திற்குக் கைப்பேசியின் பெருக்கம் முதலிய காரணங்களும் உண்டு. ஆயினும் விரைவிற்காக வந்தவர், அதனினும் விரைவானது கிடைத்தபோது செல்வது இயல்பேயாம். காரணம் அறிந்து வந்தவர் நிற்பர்; பயன் மட்டும் அறிந்து வந்தவர் பயன் பெரிதாய் உள்ள இடம் நாடுவர்.

இதனால் ஸ்டால்மன் கூறியதே முழுதும் சரி என முடித்தல் பொருந்தாது. காரணத்தை மட்டும் உரைத்திருப்பின் பத்துக் கோடிப் பதிவிறக்கம் நிகழ்ந்திராது. பயனால் ஈர்த்துக் காரணத்தால் நிறுத்துதலே முறை. பாயிரத்தில் இரண்டுக்கும் தனித்தனி இடம் வகுத்த நம் முன்னோர் நுட்பம் ஈண்டுப் புலனாகும்.

6. பெயர்க்காவலும் வழிநூலும்

புகழ் பெற்ற பெயருக்குக் காவல் வேண்டும். பயர்பாக்ஸின் நிரலை எவரும் மாற்றலாம்; ஆயின் மாற்றியதற்கு அப்பெயரையும் சின்னத்தையும் மொசில்லாவின் இசைவின்றி இடலாகாது. ‘டெபியன்’ என்னும் திறமூல இயங்குதளத்தார், கட்டற்ற உரிமம் இல்லாத சின்னத்தைத் தம் தொகுப்பில் ஏற்க விரும்பவில்லை. இரு சாராரும் இணங்காமையால் 2006-இல் டெபியனார் அவ்வுலாவியை ‘ஐஸ்வீசல்’ என்னும் பெயரில் வழங்கத் தொடங்கினர். நெருப்பும் நரியும் கூடிய பெயரை, பனியும் மரநாயும் கூடிய பெயராக்கிய நகைச்சுவை அது. 2016-இல் பிணக்குத் தீர்ந்து பழைய பெயரே மீண்டது. நிரல் கட்டற்றதாயினும் பெயர் கட்டுடையது என்னும் உண்மையை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. இடைச்செருகலால் மூலபாடம் கெட்ட நூல்களை அறிந்த நமக்கு, மொசில்லாவின் அச்சம் விளங்காததன்று. உரைவேறுபாட்டைப் போற்றும் நமக்கு, டெபியனாரின் மறுப்பும் விளங்காததன்று.

பெயரின் ஆற்றலுக்கு மற்றொரு சான்று அலுவலக மென்பொருள். ‘ஓப்பன் ஆபீஸ்’ திட்டத்தில் உழைத்தோர் பலர், 2010 செப்டம்பர் 28-ஆம் நாள் அதிலிருந்து பிரிந்து ‘லிப்ரே ஆபீஸ்’ என்னும் கிளையைத் தொடங்கினர். முன்னோர் முடிவை ஏற்று, பின்னோன் வேண்டிய வேறுபாடுகளைப் புகுத்துவது வழிநூல் என்பர். இக்கிளைகள் வழிநூல்களே. இங்கே உழைப்பு வழிநூலுக்குச் சென்றது. புகழ்ப்பெயரோ முதல்நூலிடமே நின்றது. பிரிவினை அறியாத மக்கள் பழைய பெயரையே தேடி, வளர்ச்சி குன்றிய மென்பொருளையே பெற்றுக்கொண்டிருந்தனர். 2020 அக்டோபர் 12-ஆம் நாள், ஓப்பன் ஆபீஸின் இருபதாம் ஆண்டு நிறைவன்று, லிப்ரே ஆபீஸ் தரப்பினர் திறந்த மடல் ஒன்று விடுத்து, புதிய வழி உண்டென்பதைப் பயனர்க்கு அறிவிக்குமாறு முதற்றிட்டத்தாரை வேண்டினர். ‘வழி’ என்னும் உறுப்பைப் பாயிரம் தெளிவாகக் கூறாதவிடத்து நேரும் இழப்பு இது.

7. தமிழர் கடமை

‘எல்லை’ என்பது நூல் வழங்கும் நிலம். வணிக மென்பொருளின் எல்லையை வகுப்பது பெரும்பாலும் சந்தை. கட்டற்ற மென்பொருளின் எல்லையை வகுப்பது ஆர்வலர் உழைப்பு. பயர்பாக்ஸும் லிப்ரே ஆபீஸும் தமிழ் இடைமுகத்தோடு கிடைக்கின்றன. ஊதியம் கருதாது சொல் சொல்லாகப் பெயர்த்த தமிழார்வலர் பலரின் பணி அதற்கு அடிப்படை. கோப்பு, சாளரம், உலாவி, தத்தல் என நாம் இன்று இயல்பாய் வழங்கும் சொற்கள் பயிற்சி பெற்ற களங்களுள் இதுவும் ஒன்று.

ஆயினும் தமிழில் ஆக்கப்பட்டது தமிழரிடம் அறியப்பட்டதாகாது. ஆய்வு மாணவர் பலர் தம் இடுபணியைத் தட்டெழுதும்போது, தமிழ் இடைமுகம் உண்டென்பதையே அறியாதிருத்தல் கூடும். இந்நிலையில் தமிழ்த்துறைகள் செய்யத்தக்க பணிகள் சில உள. மொழிபெயர்த்த சொற்களைக் கலைச்சொல்லாக்க நெறியில் ஆராய்ந்து திருத்தந் தருதல் முதலாவது. இவ்வாக்கங்களில் திருத்தம் கூறுவதற்கு எவருடைய இசைவும் வேண்டிக் காத்திருக்க வேண்டுவதில்லை; வாயில் திறந்தே உள்ளது. இவற்றின் பயனையும் காரணத்தையும் நல்ல தமிழில் மாணவர்க்கு எடுத்துரைத்தல் இரண்டாவது. உடன்கற்றவன் உரைக்கும் பாயிரத்திற்கு ஒப்பான பணி இது. ‘இலவசம்’ என்னும் சொல்லை நீக்கிக் ‘கட்டற்றது’ என்னும் சொல்லைப் பேணுதல் மூன்றாவது. சொல் தெளிவு பொருள் தெளிவிற்கு வித்து.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. நல்ல ஆக்கம் தானே பரவும் என்னும் நம்பிக்கைக்குப் பயர்பாக்ஸின் வரலாறு சான்றாகவில்லை. பெயர், களம், கேட்போர் ஆகியவற்றை ஆராய்ந்து செய்த முயற்சியாலேயே அது பரவிற்று. அம்முயற்சி வென்றது, ஆக்கியோர் தம்மைப் புகழ்ந்ததால் அன்று. பயன்கொண்டோர் உரைத்த பாயிரத்தால். பயனை உரைத்துக் காரணத்தை விட்ட பாயிரம் கூட்டத்தைச் சேர்க்கும்; ஆயின் அக்கூட்டத்தை நிறுத்தும் ஆற்றல் அதற்குக் குறைவு. கிளைத்து வளர்வது இவ்வாக்கங்களின் இயல்பாதலின், வழியைத் தெளிவுறக் கூறாவிடின் உழைப்பு ஓரிடத்தும் புகழ் ஓரிடத்துமாய்ப் பிரியும்.

ஏட்டுச்சுவடிகளைத் தேடி அச்சிட்டு உலகிற்கு அளித்தோர் நம் முன்னோர். பூட்டிக் கிடந்த நூலைத் திறத்தல், பாடம் ஆராய்தல், பாயிரம் உரைத்தல் என்னும் மூன்றும் அவர்க்கு ஒரே பணியின் கூறுகளாயிருந்தன. கட்டற்ற மென்பொருளில் முதலிரண்டையும் பலர் செய்து வருகின்றனர். மூன்றாவது, மொழி வல்லாரை எதிர்நோக்கி நிற்கின்றது.